தியமிக்கேயோட அப்பா வீடு

அன்றைக்குச் சனிக்கிழமை. என்னிடம் இருக்கும் ஒரே நல்ல கால்சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. செத்துப்போன என் மனைவியின் பூப்போட்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து ஏழாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு தாள். பின்னத்தைக் கூட்டச் சொன்னால் எழுபது பேர் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி வைத்திருந்தார்கள். மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்தியதற்குப் பலன் அது.

கோட்டுப் போட்ட மூன்று பேர் பள்ளிக்கூட மைதானத்தைக் கடந்து வந்தார்கள். எங்கள் ஏரிக்கரை வெயிலில் கோட்டுப் போடுகிறவன் ஒன்று கல்வி அதிகாரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவுச் செய்தி சொல்ல வந்தவனாக இருக்க வேண்டும். நான் இரண்டுக்கும் தயாராக எழுந்து நின்றேன்.

மூவரில் மூத்தவர் தொப்பியைக் கழற்றினார். "தியமிக்கேயோட அப்பா வீடு இதுதானுங்களா?"

பன்னிரண்டு வருஷமாக யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இந்த ஊரில் நான் கம்வெண்டோ வாத்தியார். சம்பள ரிஜிஸ்டரில் யோத்தாமு கம்வெண்டோ. பிள்ளைகளுக்கு நான் 'பிரம்பு'. அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஆமாங்க, நான்தான்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உள்ளே வாங்க" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர்கள் வடக்கே மிசூசுவிலிருந்து வந்த தும்புகா இனத்து ஆட்கள். பெரியவர் பெயர் லுஹாங்கா. அவருடைய தம்பி மகன் கும்போ, என் மகள் தியமிக்கே நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் மருந்துக்கடை பார்க்கிறானாம். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. பெண் கேட்டு வந்திருக்கிறார்கள்.

இங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எங்கள் செவா இனத்தில் பிள்ளைகள் அம்மா வீட்டைச் சேர்ந்தவர்கள். பெண்ணைக் கேட்பதென்றால் தாய்மாமனிடம் கேட்க வேண்டும், கொடுப்பதென்றால் தாய்மாமன் கொடுக்க வேண்டும். மாமன் கையில் மாப்பிள்ளை வீட்டுச் சேவல் போய், மாமன் கையிலிருந்து பெட்டைக்கோழி வந்தால்தான் கல்யாணம். அப்பன் வந்து கைதட்டிவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வடக்கே எல்லாம் தலைகீழ், அங்கே அப்பன் வாசலில்தான் பேச்சு. மாமாவிடம் போகச் சொல்லி அந்தப் பையன் கும்போ படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான். "பெத்தவன் உயிரோட இருக்கும்போது மாமன்கிட்ட போறதா, அந்த மனுஷனை அவமானப்படுத்தறதா" என்று இவர்கள் அவனை அதட்டிவிட்டு நேரே என்னைத் தேடி வந்துவிட்டார்கள். இதையெல்லாம் லுஹாங்காவே பெருமையாகச் சொன்னார்.

"ஐயா, தப்பான இடத்துக்கு வந்துட்டீங்க. தோவா மலைக்குப் போங்க, ஜைலோசின்னு என் மச்சான் இருக்காரு, அவர்தான் பொண்ணுக்குப் பொறுப்பு." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். நான் சொல்லவில்லை. அந்த மனுஷன் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்துவிட்டேன், வேறு சமாதானம் இல்லை.

கோழி அடித்தேன். களி கிண்டினேன். தனியாக இருக்கிறவனுக்குக் கையளவு மாவு போட்டுத்தான் பழக்கம், நாலு பேருக்குக் கிண்டும்போது அடிப்பிடித்துவிட்டது. அவர்கள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள். நான் இன்னும் அதே பூப்போட்ட துணியோடுதான் இருந்தேன், அதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

"பொண்ணு எப்படிப்பட்ட பொண்ணு, சொல்லுங்க சம்பந்தி. எங்க வீட்டுப் பொம்பளைங்க கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றார் லுஹாங்கா.

நான் சொன்னேன். நிற்காமல் சொன்னேன். மீன் வாடையே ஆகாது, ஒருதரம் முள் குத்தியதிலிருந்து தொடமாட்டாள். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். பொய் சொன்னால் இடது காதைச் சொறிவாள், உடனே கண்டுபிடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டுக்கு முதல் வரியை இவள்தான் எடுப்பாள். அவர்கள் சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். பொழுது சாய்வதற்குள் துணியில் சுற்றிய ஒரு புது மண்வெட்டியை என் கையில் வைத்தார்கள். அது அவர்கள் வீட்டு வழக்கமாம், பெண்ணின் அப்பன் அதை வாங்கிக்கொண்டால் சரி என்று அர்த்தம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு நாலு நாள் நான் எப்படி இருந்தேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது. எழுபது பேருக்கும் மறுபடி பின்னம் நடத்தினேன், ஒருத்தனையும் திட்டவில்லை. மண்வெட்டிக்குப் பிடி போட்டு, வீட்டுக்குப் பின்னால் கரை கட்டி சர்க்கரைவள்ளிக் கொடி நட்டேன். தலைமை ஆசிரியை மிசஸ் சிப்பேட்டா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

"புது மண்வெட்டி போல இருக்கே சார்."

"சம்பந்தி குடுத்தது" என்றேன், ஏதோ தினமும் சம்பந்திகள் மண்வெட்டி கொடுக்கிற மாதிரி.

விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு அந்தம்மாள் சிரிக்கவில்லை. அவரும் செவாதான். "உங்க மச்சான்கிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு? அப்பன் நான் உயிரோடதானே இருக்கேன்?"

"உயிரோடதான் இருக்கீங்க, சரி. நம்ம பக்கத்துல அது போதாதே சார்."

நான் அடுத்த கரையை வெட்ட ஆரம்பித்தேன். அவர் போனார்.

வியாழக்கிழமை தியமிக்கே போன் செய்தாள். அவள் போன் செய்வதே வருஷத்துக்கு இரண்டு தரம்தான், அதனால் சந்தோஷமாகத்தான் எடுத்தேன்.

"அப்பா, கும்போ வீட்டு ஆளுங்க வந்தாங்களா?"

"வந்தாங்கம்மா. நல்ல மனுஷங்க. நானே உனக்குப் போன் பண்ணணும்னு..."

"நீங்க சரின்னு சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன்."

அவள் மெதுவாகப் பேசினாள். நர்ஸ்கள் அப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது. "மாமாவுக்குச் சேதி போயிடுச்சு. மண்வெட்டி வாங்கினவனே கட்டிக் குடுக்கட்டும், என் வீட்டு வாசல்ல யாரும் கால் வைக்க வேண்டாம்னுட்டாரு. மாமா கோழி குடுக்காம நான் கட்டிக்க மாட்டேன்பா. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பா? அவங்க வீட்லயோ, அப்பா குடுத்த வாக்குக்கு மேல வேற யார்கிட்டயும் கேக்க முடியாதுங்கிறாங்க. ரெண்டு பக்கமும் பூட்டிட்டீங்க."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"சனிக்கிழமை எல்லாரும் மாமா வீட்டுல கூடுறாங்க. அதுக்கே அத்தைங்க மாமா கால்ல விழாத குறை. நீங்க வந்து, பொண்ணு குடுக்கிற இடத்துல நான் இல்லை, அது தெரிஞ்சேதான் சரின்னேன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லணும். சொன்னா கல்யாணம் நடக்கும். இல்லேன்னா இல்லை."

"வர்றேன்" என்றேன். வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை விடியற்காலையில் முதல் மினிபஸ்ஸுக்கே போய் நின்றேன். நின்றேனே தவிர ஏறவில்லை. கண்டக்டர் பையன் இரண்டு தரம் கூப்பிட்டான். வயிறு சரியில்லை, அடுத்ததில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வயிறெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்ததையும் விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன். மலையடிவாரத்தில் இறங்கி, சைக்கிள் டாக்சிக்காரன் பின்னால் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஜைலோசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது நடுப்பகல்.

ஜைலோசி என் மனைவி எனெலெசியின் அண்ணன். புகையிலை போடுகிறவன், கை இரண்டும் மரப்பலகை. அந்த ஊரில் நான் பதிமூன்று வருஷம் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து அங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன். எனெலெசி போனதும், துக்கம் முடிந்த அன்று, என் தலையை மழித்து, இனி நீ விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்று முறைப்படி விடை கொடுத்தார்கள். தியமிக்கேக்கு அப்போது பதினொரு வயசு. அவள் பெட்டியை ஜைலோசி தன் வீட்டுக்கு எடுத்துப் போனான். நான் ஏரிக்கரைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த மனுஷன் மேல் எனக்கு ஆத்திரம்.

முற்றத்தில் ஒரு பக்கம் நாற்காலிகளில் அந்த மூன்று கோட்டுக்காரர்கள். எதிரே ஜைலோசியும் அவன் தம்பிகளும். பாயில் பெண்கள், நடுவில் தலையைக் குனிந்தபடி என் மகள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, அவள் சித்தி மகள் என்று நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"வந்துட்டியா மச்சான். நாங்க உன்னைக் காணோம்னு பொழுதெல்லாம் உக்காந்திருக்கோம். பேசு" என்றான் ஜைலோசி.

நான் வாத்தியார், நாற்பது நிமிஷம் மூச்சு விடாமல் பேசுவேன். அன்றைக்கு நாலு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. "லுஹாங்கா ஐயா, பொண்ணைக் குடுக்கிற உரிமை எனக்கு இல்லை. அது இவருக்குத்தான். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் உங்ககிட்ட மறைச்சுட்டேன்." அவ்வளவுதான். உட்கார்ந்தேன்.

லுஹாங்கா தொப்பியை முழங்காலில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். குழம்பிப்போன மனுஷனாகத்தான் இருந்தார். "எங்க ஊர்ல ஒருத்தன், பொண்ணோட அப்பன் நான்னு சொல்லிட்டா அதுக்கு மேல கேள்வி கிடையாது. சரி, அது எங்க தப்பாவே இருக்கட்டும். பொண்ணைப் பத்திச் சொன்னீங்களே, அதுவும் இப்படித்தானா?"

"இல்லைங்க. அது சத்தியம்."

"மீன் ஆகாதுன்னீங்க. எங்க பொம்பளைங்க ராத்திரியே அவரைக்கொட்டை ஊறப் போட்டு, பொண்ணுக்குன்னு தனிப் பாத்திரத்துல குடுத்து விட்டிருக்காங்க."

பாயிலிருந்து தியமிக்கே தலையைத் தூக்காமல் சொன்னாள். "நான் மீன் சாப்பிடுவேன் பெரியப்பா. வாரத்துல நாலு நாள் அதான்."

ஒரு அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். லுஹாங்கா விடவில்லை. "இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில..."

"யாரு, இவளா?" என்றாள் அந்த அத்தை. "போன மழைக்காலம் கூரைத் தகரம் பறந்தப்ப இவதான் மேல ஏறிக் கல்லு வெச்சா. கட்டிலுக்கு அடியில போறவளை எந்த ஆஸ்பத்திரியில நைட் டூட்டி போடுவாங்க?" பாய் முழுக்கச் சிரிப்பு. ஜைலோசிகூட மீசைக்குள் சிரித்தான். பாட்டுப் பற்றியும் கேட்டார்கள். கோவில் பக்கம் போயே ஆறு வருஷம் ஆகிறதாம்.

லுஹாங்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நீங்க எங்களுக்குச் சொன்ன பொண்ணுக்கு என்ன வயசு, வாத்தியாரே?"

"பதினொண்ணு" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள், அதுதான் ஆகவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தது. எழுந்துவிட்டேன்.

"பதினொரு வயசுலதானே பறிச்சுட்டுப் போனீங்க? அதுக்கு மேல எனக்கு எப்படித் தெரியும்? உங்க முறை, உங்க வழக்கம். பெத்தவனுக்கு மொட்டையடிச்சு ஊரை விட்டு அனுப்பிட்டு, இப்ப பரீட்சை வெக்கிறீங்களா?"

தியமிக்கே அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். ஜைலோசி எழவில்லை. சத்தம் போடவும் இல்லை.

"முறை என்ன சொல்லுது மச்சான்? பொண்ணோட பேச்சு என் வாயிலதான்னு சொல்லுது. அவ்வளவுதான் சொல்லுது. அப்பன் வரக்கூடாதுன்னு எங்க சொல்லியிருக்கு? பெட்டியைத் தூக்கும்போதே உன்கிட்ட சொன்னேன், லீவு விட்டா வந்துரு, இங்கயே இருன்னு. உங்க வாத்தியார் வேலையில வருஷத்துக்கு மூணு லீவு. பன்னெண்டு வருஷத்துக்கு எத்தனைன்னு நீதான் கணக்கு வாத்தியார், நீயே போட்டுக்கோ. எத்தனை தரம் இந்த மலை ஏறினே?"

இரண்டு தரம். ஒன்று எனெலெசி கல்லறைக்குச் சிமெண்ட் பூசியபோது. இன்னொன்று தியமிக்கே எட்டாம் வகுப்பு பாஸானபோது. அன்றைக்கும் சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிவிட்டேன்.

"முதல் நாலு வருஷம் கிறிஸ்மஸுக்கு உனக்கும் சேர்த்துத்தான் களி கிண்டினா என் பொண்டாட்டி. இந்தப் பொண்ணு ரோடு வரைக்கும் போய் நிப்பா. அப்புறம் அவளே, வேண்டாம் அத்தை, மாவு வீணாவுதுன்னுட்டா. நீ கண்டக்டர்கிட்ட செருப்பு குடுத்து அனுப்பின. பதினாலு வயசுக்காரிக்குப் பத்து வயசுச் செருப்பு. என் கடைக்குட்டி போட்டுட்டுத் திரிஞ்சான். உன்னை இங்க யாரும் துரத்தலை மச்சான்."

இத்தனை வருஷம் அந்த ஆத்திரத்தை வைத்துத்தான் குடும்பம் நடத்தினேன். லீவு வந்தால், போனால் விருந்தாளியாகத்தானே உட்கார வைப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே படுத்துக்கொள்வேன். தனியாக இருப்பது கஷ்டம்தான். ஆனால் போய், அவள் இன்னொருத்தன் வீட்டில் சிரித்துக்கொண்டு வளர்வதைப் பார்ப்பது அதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தோன்றியது. முறை மேல் பழியைப் போட்டுவிட்டேன், வசதியாக இருந்தது.

"மண்வெட்டியை எடு" என்றான் ஜைலோசி.

துணியைப் பிரித்தேன். பிடி போட்டிருந்தது. கழுவித்தான் எடுத்து வந்தேன், ஆனாலும் காம்பு ஓரத்தில் ஏரிக்கரைக் கருமண் ஒட்டியிருந்தது. அவன் விரலால் சுரண்டிப் பார்த்தான்.

"வெட்டிட்டியா?"

"சர்க்கரைவள்ளி போட்டேன்."

பெண்கள் பக்கம் யாரோ உச்சுக் கொட்டினார்கள். வேலை செய்த மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. ஜைலோசியும் லுஹாங்காவும் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். "நீயே வெச்சுக்கோ மச்சான்" என்றான் ஜைலோசி. "அது கல்யாண மண்வெட்டி இல்லை. வெறும் மண்வெட்டி. உன் வீட்டுல நடந்த பேச்சு நடக்கவே இல்லை. தண்டமா ஒரு ஆடு கட்டிட்டுப் போ."

பிறகு அந்த மூன்று பெரிய மனுஷர்களும் கோட்டைச் சரிசெய்துகொண்டு ரோடு வரைக்கும் நடந்துபோய், திரும்பி, முதல்தரம் வருகிறவர்கள் மாதிரி வந்தார்கள். வாசலில் நின்று கைதட்டினார்கள். லுஹாங்கா குரல் கொடுத்தார். "ஜைலோசி ஐயா வீடு இதுதானுங்களா?"

"இதுதான், உள்ளே வாங்க" என்றான் ஜைலோசி. என்னைவிட நன்றாகச் சொன்னான்.

சேவலை நீட்டினார்கள். ஜைலோசி வாங்குவதற்கு முன் பாய் பக்கம் திரும்பினான். "அம்மா தியமிக்கே, இந்த ஆளுங்களை உனக்குத் தெரியுமா? இந்தச் சேவலை நான் வாங்கலாமா? இதை அறுத்தா நீயும் சாப்பிடுவியா?" மூன்றுக்கும் அவள் தெளிவாகச் சரி என்றாள். பெட்டைக்கோழி அந்தப் பக்கம் போயிற்று. பெண்கள் குலவை போட்டார்கள். லுஹாங்கா ஜைலோசியைக் கட்டிக்கொண்டு சம்பந்தி என்றார். நானும் கைதட்டினேன். என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அது கெடாமல் போயிற்றே என்று உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைச் சொல்லிக்கொள்ள பக்கத்தில் ஆள் இல்லை.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். என்னை நாற்காலி வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தியமிக்கே கிண்ணமும் செம்புமாக வந்தாள். எங்கள் பக்கத்தில் கைகழுவத் தண்ணீர் முதலில் விருந்தாளிகளுக்குத்தான், வீட்டு ஆட்கள் கடைசியில் மிச்சத்தண்ணியில் கழுவிக்கொள்வார்கள். ஜைலோசியும் அவன் மகன்களும் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் நேராக என் முன்னால் வந்து மண்டியிட்டாள். கிண்ணத்தை என் கைக்குக் கீழே வைத்தாள்.

கிட்டத்தில் பார்த்தால் எனெலெசியின் நெற்றி. "எனக்கு எதுக்கும்மா முதல்ல? நான் விருந்தாளியா? மாமா கூடக் கடைசியா கழுவிக்கிறேன்" என்றேன்.

அவள் செம்பைச் சாய்த்தபடியே நிறுத்தினாள். கோபமெல்லாம் இல்லை. நோயாளிக்கு மாத்திரை சொல்கிற குரல்தான். "வீட்டு ஆளுங்க விடியறதுக்கு முன்னாடியே போய் இந்தத் தண்ணியைத் தூக்கிட்டு வந்தாங்கப்பா. நீங்க பன்னெண்டு மணிக்கு வந்தீங்க."

பக்கத்து நாற்காலியில் லுஹாங்கா கையை நீட்டிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார். நானும் கையை நீட்டினேன். அவள் ஊற்றினாள்.